சோலையம்மாள் தின்ற கிடாக்கறி

திருத்தங்கலில் சோலையம்மாளைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் கிடாக்கறி தின்று வயிறு வீங்கிய கதை தெரியாதவர்கள் கிடையாது. எந்த வீட்டுக் கறி விருந்திலும் ஒருவர் இரண்டாம் முறை குழம்புச் சட்டியை எட்டிப் பார்த்தால் போதும், 'பாத்துய்யா, சோலை மாதிரி ஆயிரப் போகுது' என்று இன்னொருவர் சொல்லுவார். பந்தியே சிரிக்கும். சோலையம்மாளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தக் கதையை அவளைவிட நன்றாகச் சொல்லவும் ஆள் கிடையாது.

கதை இதுதான். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லாமல் இருந்த சோலையம்மாள், ஓர் ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கிடா வெட்டினாள். ஆற்று மணலில் அடுப்பு மூட்டிக் குழம்பு வைத்து, நாக்கை அடக்க முடியாமல் தின்று தீர்த்தாள். மறுநாள் வயிறு வீங்கியது. சேலை சுற்ற முடியவில்லை. மூச்சு வாங்கியது. மதுரைக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீக்கம் வடிந்து வீடு வந்தபோது வயிற்றில் முனியராஜ் இருந்தான். "கறி உள்ள போச்சு, பிள்ளை வெளிய வந்துச்சு" என்று கைகளை விரித்து முடிப்பாள். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

நல்ல கதைதான். ஒரே குறை, அது பொய். அன்றைக்கு அவள் இலையில் விழுந்தவை இரண்டே துண்டு, அதில் ஒன்று எலும்பு.

நடந்தது வேறு. சோலையம்மாளுக்குச் சிறு வயதிலிருந்தே மாதவிடாய் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. கல்யாணமான பிறகு யாருக்கும் தெரியாமல் புருஷனோடு மதுரைக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தாள். முட்டை வளர மாத்திரை கொடுத்தார்கள். மாதக்கணக்கில் விழுங்கியும் ஒரு முட்டைகூட வளரவில்லை. சரி, ஊசி போடுவோம் என்றார்கள். அதுவரை அசையாமல் கிடந்த உடம்பு ஊசியைக் கண்டதும் ஒரேயடியாகப் பொங்கிவிட்டது. ஒரு முட்டை கேட்டால் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாக வளர்ந்து, வயிறு முழுக்க நீர் கோத்துக்கொண்டது. உயிர் பிழைத்ததே பெரிய பாடு. வீக்கம் தொடங்கியது கிடா வெட்டுக்கு மறுநாள் என்பதால் ஊரார் தாங்களாகவே கறியின் மேல் பழி போட்டார்கள். சோலையம்மாள் அந்தப் பழியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஏன் என்று கேட்டால் அதற்கும் காரணம் இருந்தது. உண்மை தெரிந்தால் ஊர் முனியராஜை 'ஊசிப் பிள்ளை' என்று கூப்பிடும். பள்ளிக்கூடத்தில் கூப்பிடும், கல்யாணப் பந்தலில் கூப்பிடும். அப்படி ஒரு பெயர் தன் பிள்ளைக்கு ஒட்டக்கூடாது என்று அவள் பயந்தாள். அந்தப் பயத்தில் பொய் கிடையாது. புருஷன் சங்கரபாண்டியனைச் சன்னிதியில் நிறுத்தி, எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தாள். அவர் வெடிப் பெட்டி லோடு ஏற்றுகிறவர். எப்போதுமே பேச்சு குறைவு. சூடத்துக்குப் பிறகு இன்னும் குறைந்துபோனது.

அந்தப் பொய்க்கு அவள் கொடுத்த விலை யாருக்கும் தெரியாது. சோலையம்மாளுக்குக் கறி என்றால் உயிர். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேலாக எந்தப் பந்தியிலும் இரண்டு துண்டுக்கு மேல் அவளுக்கு யாரும் வைத்ததில்லை. "உனக்கு ஆகாதுத்தா" என்று கரண்டியை அக்கறையோடு அடுத்த இலைக்கு நகர்த்திவிடுவார்கள். அவளும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொள்வாள்.

அதற்குப் பதிலாகக் கிடைத்தது பேர். பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிற அறையில் அவள் வைத்ததுதான் சட்டம். 'ஆத்தா பிள்ளை கொடுத்த ஆளு' என்பதால் ஆடி பிறந்தால் பிள்ளையில்லாத பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு இருக்கன்குடிக்குப் புறப்படுவாள். எங்கே நிற்க வேண்டும், எதை வேண்டிக்கொள்ள வேண்டும், எப்போது அழ வேண்டும் என்பதுவரை சொல்லிக்கொடுப்பாள்.

முனியராஜ் வளர்ந்து காலண்டர் அடிக்கிற அச்சகத்தில் மெஷின்மேன் ஆனான். பெண் பார்க்கிற பேச்சு வந்ததும், ஆமத்தூரில் இருக்கிற தன் அண்ணன் சோலைச்சாமியின் மகள் வேல்விழிதான் மருமகள் என்று சோலையம்மாள் அறிவித்துவிட்டாள். "நம்ம ரத்தம் வெளிய போகக் கூடாது" என்றாள். யாரும் மறுக்கவில்லை. வேல்விழி அவளைப் பிறந்ததிலிருந்து அத்தை என்று கூப்பிட்டவள். கல்யாணத்துக்குப் பிறகும் அதே அத்தைதான். ரத்தம் வெளியே போகவில்லை. சொன்னபடியே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

வேல்விழிக்கும் மாதவிடாய் ஒழுங்கில்லை. மாதம் தள்ளிப் போகும், வீடு முழுக்க ஆசை கிளம்பும், பிறகு ஒரு நாள் வந்து நிற்கும். வருஷங்கள் ஓடின. இருக்கன்குடிக்கு வேன் போகும்போதெல்லாம் முன்சீட்டில் அவள்தான். ஆள் கூட்டிப் போகிறவளின் சொந்த மருமகளுக்கே ஆத்தா இரங்கவில்லையே என்று பின்சீட்டில் முணுமுணுப்பு எழுந்ததும், சோலையம்மாள் பழியைத் தூக்கி ஆமத்தூர்ப் பக்கம் போட்டாள். அவள் கண்டுபிடித்த குற்றவாளி அண்ணன் பொண்டாட்டி பாக்கியத்தாய். எல்லாம் மதினி வம்சத்துக் கோளாறு என்று கம்பெனி பஸ்ஸில் சொன்னாள், குழாயடியில் சொன்னாள், ஒரு வளைகாப்பில் பாக்கியத்தாய் காதுபடவே சொன்னாள். பாக்கியத்தாய் இடைவெளியே இல்லாமல் நான்கு பிள்ளை பெற்றவள். அவளுடைய தங்கச்சிமாருக்கும் வீடு கொள்ளாத பிள்ளைகள். அந்தக் கணக்கெல்லாம் சோலையம்மாளிடம் எடுபடவில்லை.

கடைசியில் முனியராஜே பெண்டாட்டியை விருதுநகரில் டாக்டர் ஷாஹிதாவிடம் கூட்டிப் போனான். ஸ்கேனில் சினைப்பை இரண்டிலும் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் தெரிந்தன. முட்டைகள் வளரத் தொடங்கி, முழுசாகாமல் பாதியிலேயே நின்றுவிடுகின்றன என்று டாக்டர் விளக்கினார். மாத்திரை கொடுத்தார். கூட்டிக் கொடுத்தார். ஒன்றும் அசையவில்லை. அடுத்து ஊசிதான் என்ற நிலை வந்தபோது, குடும்பத்துப் பெரியவர்களையும் அழைத்துவரச் சொன்னார். அழைக்காவிட்டாலும் சோலையம்மாள் போயிருப்பாள். பாக்கியத்தாயையும் வரச் சொல்லியிருந்தாள், குற்றத்தை டாக்டர் வாயாலேயே கேட்கட்டும் என்று.

டாக்டர் பாக்கியத்தாயைத்தான் முதலில் விசாரித்தார். மாதவிடாய் ஒழுங்காக வந்ததா, கூடப்பிறந்தவர்களுக்கு எப்படி, அம்மாவுக்கு எப்படி. எல்லாவற்றுக்கும் நல்ல பதிலே வந்தது. சோலையம்மாளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அப்போதுதான் டாக்டர், இது அம்மா வழியில்தான் வரவேண்டும் என்று இல்லை, அப்பா வழியாகவும் வரும், அப்பாவுக்கு வெளியே ஒன்றும் தெரியாது, மகளுக்கு இறங்கிவிடும் என்றார். அப்பாவோடு பிறந்த பெண்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

அறையில் இருந்த அத்தனை தலையும் சோலையம்மாள் பக்கம் திரும்பியது.

"எனக்கென்ன டாக்டரம்மா. காலண்டர் தேதி தப்புனாலும் எனக்குத் தப்பாது" என்றாள் சோலையம்மாள். சங்கரபாண்டியன் இருமினார். அந்த இருமலுக்கு அவள் ஒரு பார்வை பார்த்தாள். அது அப்படியே நின்றுபோனது.

டாக்டர் விடவில்லை. ரத்த சொந்தத்தில் யாராவது இந்த மாதிரி ஊசி போட்டு வயிறு வீங்கி, நீர் கோத்து, ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார்களா என்று கேட்டார். இந்தக் கோளாறு உள்ள சிலருக்கு மாத்திரை ஒன்றுமே செய்யாது, ஊசியோ அளவுக்கு மீறி வேலை செய்துவிடும். சில குடும்பங்களில் அது வழிவழியாகவும் இருக்கலாம். தெரிந்தால் ஊசியை மிகக் குறைந்த அளவில் தொடங்கலாம், தெரியாவிட்டால் வழக்கமான அளவுதான் என்றார்.

பாக்கியத்தாய்க்கு இத்தனை வருஷத்துக் கடுப்பைத் தீர்க்க ஒரு வாய்ப்பு கிடைத்தது. "வீங்குனது இவளுக்குத்தான் டாக்டரம்மா. ஊசியில இல்ல, கெடாக்கறியில" என்றாள். வேல்விழி சிரித்தாள், முனியராஜ் சிரித்தான், நர்ஸ் சிரித்தாள். டாக்டரே பேனாவை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினார். உண்மை அந்த அறைக்குள் வந்து, எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு, வந்த வழியே வெளியே போனது. சோலையம்மாளும் சிரித்தாள்.

வேல்விழிக்கு அடுத்த மாதத் தூரம் வந்ததும் ஊசி தொடங்குவதாக ஏற்பாடு. நடுவில் கிடைத்த நாட்களில் சோலையம்மாள் தனக்குத் தானே நிறைய நியாயம் சொல்லிக்கொண்டாள். தனக்கு நடந்தது வேல்விழிக்கும் நடக்க வேண்டுமா என்ன? அந்தக் கால ஊசி வேறு, இந்தக் கால ஊசி வேறு. டாக்டர்தான் பார்த்துக்கொள்வாரே. தவிர, இப்போது போய் வாயைத் திறந்தால் வேனில் வந்த பெண்கள் முகத்தில் எப்படி முழிப்பது? மதினி முகத்தில்? நியாயங்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. சோறு மட்டும் இறங்கவில்லை.

தூரம் வந்தது. முனியராஜும் வேல்விழியும் விருதுநகருக்குப் போன அன்று, கம்பெனியில் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. சீசனுக்கு முன்னால் எல்லாரையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, மேற்பார்வையாளர் சபரிநாதன் வருஷா வருஷம் சொன்னதையே சொல்லுவார். சோலையம்மாள் அதில் ஒரு வருஷம்கூட விழித்திருந்ததில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே தூங்குவதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு. அன்றைக்குப் பார்த்துத் தூக்கம் வரவில்லை.

திரி பற்ற வைத்தும் வெடிக்காத வெடிதான் ரொம்ப ஆபத்து என்றார் சபரிநாதன். நமுத்துப் போச்சு என்று நினைத்துக் கிட்டே போய்ப் பெரிய நெருப்பாக வைக்காதீர்கள், அது சும்மா இருக்கிற மாதிரிதான் இருக்கும், வெடித்தால் மொத்தமாக வெடிக்கும் என்றார். பின்னல் அறையில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த பாடம் அது. ஆனால் சோலையம்மாளுக்கு அது வெடியைப் பற்றிய பேச்சாகக் கேட்கவில்லை. மாத்திரைக்கு அசையாமல் படுத்திருந்த தன் வயிறு ஞாபகம் வந்தது. பிறகு ஊசி. பிறகு மூச்சு விட முடியாமல் மதுரைக் கட்டிலில் சாய்ந்தபடியே கிடந்தது. அந்தக் கட்டிலில் வேல்விழி கிடப்பதாக நினைத்த மாத்திரத்தில் அவள் எழுந்துவிட்டாள்.

எங்கே போறீக என்று சபரிநாதன் கேட்டார். கிட்டே போகப் போறேன் என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம்.

செல்போனைக் கேட்டில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது கம்பெனி விதி. வாட்ச்மேன் வேலுச்சாமி, வேலை நேரத்தில் திருப்பித் தரமாட்டேன் என்றார். அவளுக்கும் அவருக்கும் நடந்த சண்டையில் வேலுச்சாமியின் மூன்று தலைமுறையும் வெளியே வந்தது. ஒருவழியாகப் போன் கைக்கு வந்தபோது அதில் சார்ஜ் இல்லை. கையில் ஒட்டியிருந்த வெள்ளி நிற வெடிமருந்துப் பொடியோடு பஸ் ஏறினாள். ஆமத்தூர் நிறுத்தத்தில் பாக்கியத்தாய் ஏறினாள், மகளுக்கு ஊசி போடுகிற நாளில் கூட இருக்க வேண்டும் என்று புறப்பட்டவள். சோலையம்மாள் பக்கத்து இடம்தான் காலி. பாக்கியத்தாய் அதில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விருதுநகர் வரை சோலையம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கம்பியெல்லாம் வெள்ளியானது.

டாக்டரிடம் நல்ல கூட்டம். அந்தக் கூட்டத்தில் பாதி அவள் வேனில் இருக்கன்குடிக்கு வந்த முகங்கள். அவளைக் கண்டதும் இரண்டு மூன்று பேர் முந்தானையால் முகத்தை மறைத்தார்கள். வேல்விழியும் முனியராஜும் சுவரோரம் இன்னும் காத்திருந்தார்கள். ஊசி போடவில்லை. டாக்டரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டாள். டோக்கன் வாங்கி உட்காருங்க என்றாள் நர்ஸ். காதோடு சொல்லிவிட்டுப் போகிறேன் என்றாள் சோலையம்மாள். காதுக்கும் டோக்கன்தான் என்றாள் நர்ஸ். சரவெடி அறையில் பழகிய குரல் சோலையம்மாளுடையது. மெல்லப் பேசத்தான் அவள் முயன்றாள். தெருவரை கேட்டது. சத்தம் கேட்டு டாக்டரே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"கெடாக்கறி இல்ல டாக்டரம்மா" என்றாள் சோலையம்மாள். "ஊசி. மாத்திரை கேக்கலைன்னு மதுரையில ஊசி போட்டாக. அதுலதான் வீங்குச்சு. நான் அன்னிக்குத் தின்னது ரெண்டே துண்டு."

அவள் நிறுத்தவில்லை. தனக்கும் மாதம் தவறியதையும், நீர் கோத்ததையும், சூடம் அணைத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். காதோடு இல்லை, அத்தனை பேர் நடுவில் சொன்னாள். முனியராஜ் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அம்மாவின் வயிறு வீங்கிய கதையை அச்சகத்தில் ஆள் ஆளுக்கு நடித்துக் காட்டியவன் அவன்.

"அப்ப அந்த வீக்கம் நான்தானாம்மா?" என்று கேட்டான்.

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். கூடம் முழுக்கச் சிரிப்பு பரவியது. முகத்தை மூடியிருந்தவர்களும் முந்தானையை எடுத்துவிட்டார்கள். அதில் ஒருத்தி மட்டும், அப்போ எங்களை என்னத்துக்கு வருஷா வருஷம் வேனில் ஏற்றினீர்கள் என்று கேட்டாள். ஊசி போட்ட டாக்டருக்குக் கை நடுங்காமல் பார்த்துக்கொண்டது பின்னே யார் என்று சோலையம்மாள் திருப்பிக் கேட்டாள். அந்த நிலையிலும் ஆத்தாவை அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

வேல்விழி மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்கு மட்டுந்தான் இப்பிடின்னு எம்புட்டு நாளு அளுதிருக்கேன் அத்தை" என்றாள். "நீங்க பக்கத்துலதானே இருந்தீக."

சோலையம்மாள் வெள்ளிக் கையோடு மருமகளின் தலையைத் தடவினாள். திரும்பிப் பார்த்தபோது பாக்கியத்தாய் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

டாக்டர் திட்டவில்லை. அத்தைக்கு நடந்தது மருமகளுக்கும் அப்படியே நடக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, நடக்காது என்றும் சொல்ல முடியாது, தெரிந்த பிறகு கையை அடக்கிப் போடுகிறேன் என்றார். அப்படியே அடக்கிப் போட்டார். சோலையம்மாளுக்கு அந்த அளவைப் பார்த்து மனசு ஆறவில்லை, இம்புட்டுக்காணு ஊசியில் என்ன வரும் என்று நர்ஸை நச்சரித்தாள். அந்தச் சின்ன ஊசிக்கே வேல்விழியின் வயிறு கொஞ்சம் கனத்தது. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, வழக்கமான அளவில் போட்டிருந்தால் பெரிய தொல்லையாகியிருக்கும் என்று சொன்னார். அன்று சோலையம்மாள் வீடு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த மாதம் ஒன்றும் தங்கவில்லை. அடுத்த மாதம் இன்னும் குறைத்துப் போட்டதில் ஒரே ஒரு முட்டை, தானுண்டு தன் வேலையுண்டு என்று ஒழுங்காக வளர்ந்தது. அது தங்கியது.

நடுவில் சோலையம்மாள் பலமுறை ஆமத்தூருக்குப் போனாள். பாக்கியத்தாய் உட்காரச் சொன்னாள், காப்பி கொடுத்தாள், பேச்சு மட்டும் கொடுக்கவில்லை. மதினி, நான் சொன்னதெல்லாம் தப்பு என்று சோலையம்மாள் டம்ளரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவாள். வேல்விழி மகளைப் பெற்றெடுத்தபோதும் இருவரும் கட்டிலுக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

பேத்திக்கு முடி இறக்க ஆடியில் இருக்கன்குடிக்குப் போனார்கள். அதே ஆற்று மணலில் கிடா வெட்டினார்கள். பந்தி போட்டபோது சோலையம்மாள் வழக்கம்போல் ஓரத்து இலையில் உட்கார்ந்தாள். ஊருக்கே உண்மை தெரிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் கைப்பழக்கம் அப்படிச் சீக்கிரம் மாறுகிறதா? பரிமாறிய சொந்தக்காரப் பையன் அழகுராஜா இரண்டு துண்டு வைத்துவிட்டு, அவனை அறியாமலே அடுத்த இலைக்கு நகர்ந்தான். சோலையம்மாளும் ரசத்துக்குக் கை நீட்டினாள்.

அடுப்படியில் நின்ற பாக்கியத்தாய் அதைப் பார்த்தாள். நேராக வந்து அழகுராஜா கையிலிருந்த வாளியை வாங்கி, சோலையம்மாள் இலைமுன் குனிந்து, சோறு மறைகிற அளவுக்குக் கறியை அள்ளி வைத்தாள்.

"தின்னு சோலை" என்றாள். "இது ஒண்ணும் செய்யாது."